எதிர் வரிசையில் மாட்டவும் - ஒரு மகா புளுகு

டிஸ்கி: இதுல வர்ற துப்பாக்கி என்னோடது இல்லை. வாங்குற எண்ணமும் இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கி வேணுமா வேணாமாங்கிற பஞ்சாயத்துக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை. அதுக்காக அடிக்க வர்றவங்க அப்படியே ரிட்டர்ன் ஆயிடுங்க.

உலகத்துலயே பெரிய பொய் எதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. 'அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்', 'உனக்குப் பிடிச்ச மாதிரியே செய்', 'இந்த ரிலீஸ்ல சின்ன மாற்றம்தான்'.. இப்படி. என்னைக் கேட்டா, கையேடுகளில் கடைசிப் பக்கத்தில் வரும் ஒரே ஒரு வரிதான்.

"திரும்ப மாட்ட, மேலே சொன்னதை எதிர் வரிசையில் செய்யவும்."

இந்த வரியை எழுதின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா அவரை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க பக்கத்து வீட்டு கராஜுக்குள் விட்டு ஷட்டரை இறக்கிடுவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

டெக்சாஸில் நான் குடியிருக்கிற தெருவில், பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயசு எழுபத்தெட்டு. வாழ்க்கை முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டி, அதை ரிப்பேரும் பார்த்தவர். எனக்கு வீட்டில் குழாய் ஒழுகினாலும், புல்வெட்டி மக்கர் பண்ணினாலும் அவர்தான் தெய்வம். அவர் ஒரு நாள் வேலி ஓரமா நின்னு, "தம்பி, உங்க ஊர் சாமான் ஒண்ணு என்கிட்ட இருக்கு, வந்து பாக்குறியா?"ன்னார்.

போய்ப் பார்த்தா, மேஜை மேல் ஒரு .303 ரைஃபிள். நம்மூர்ல பல வருஷம் போலீஸ்காரர் தோள்ல தொங்கினதே, அதே சாமான். எஸ்.எம்.எல்.இ. மார்க் 3ன்னு 1907ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏத்துக்கிட்ட மாடல். அதைக் கொஞ்சம் எளிமைப்படுத்தி முதல் உலகப்போர் சமயத்துல கொண்டு வந்தது மார்க் 3 ஸ்டார். அந்தப் பட்டைக்குக் கீழே கிரீடம், ஜி.ஆர்.ஐ.ங்கிற எழுத்து, அதுக்கும் கீழே 'இஷாப்பூர்', 1943. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக்கரையில் இருக்கிற அதே இஷாப்பூர் ஃபேக்டரி. இந்திய ராணுவம் கழிச்சுக் கட்டினது கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்து, ராணுவ மிச்சச் சரக்கு விக்கிற கடையில் பல வருஷம் முன்னாடி அவர் வாங்கியிருக்கார். முன்கட்டையில குறுக்கே ஒரு ஸ்க்ரூ தெரிஞ்சது. மரம் பிளக்காம இருக்க இஷாப்பூர்ல போடுறது. நம்ம ஊர் கொத்தன் கம்பி கட்டுற புத்தி. எனக்கு ஒரே பெருமை போங்க.

அடுத்த சனிக்கிழமை பேரனைக் கூட்டிக்கிட்டு ரேஞ்சுக்குப் போறதா பிளான். அதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும். எண்ணெய் எல்லாம் பாகு மாதிரி இறுகிப் போய்க் கிடந்துச்சு. கைக்கு நடுக்கம் வந்துட்டதால துணைக்கு என்னைக் கூப்பிட்டார். பெரியவர் முதல்ல செஞ்சது, போல்ட்டைத் திறந்து, மேகஸினைக் கழட்டி, உள்ளே தோட்டா இல்லைன்னு கண்ணால பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தது. அப்புறம் என்னையும் அதே மாதிரி பார்க்கச் சொன்னார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

கழட்ட ஆன நேரம் இருபத்தஞ்சு நிமிஷம். சுத்தம் பண்ண ஒரு மணி நேரம்.

திரும்ப மாட்ட ஆனது.. ஐந்தேகால் மணி நேரம். அவ்வ்வ்வ்.

கையேடு என்ன சொல்லுச்சு? கழட்டுறதுக்கு மூணு பக்கம், படம் போட்டு, அம்புக்குறி போட்டு. மாட்டுறதுக்கு ஒரு வரி. அதே வரி.

இப்போ ஒரு பொட்டி தட்டுறவனா எனக்கு வர்ற கோபம் என்னன்னா, இது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. தர்க்கப்படியே தப்பு. எப்படின்னு சொல்றேன்.

பூச்சரத்தை உதிர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நாரை உருவினா முடிஞ்சது. 'எதிர் வரிசையில் தொடுக்கவும்'னு சொன்னா எங்க அம்மா சிரிப்பாங்க. கழட்டுறப்ப பொருளே உங்களுக்கு வழி காட்டும். எந்த ஸ்க்ரூ தெரியுதோ அதைத் திருப்புங்க, எது ஆடுதோ அதை இழுங்க. ஸ்பிரிங்குக்குத் தெறிச்சு ஓடணும்னுதான் ஆசை, நீங்க விட்டா போதும். புவியீர்ப்பு உங்க கட்சி. மாட்டுறப்ப இந்த மூணும் எதிர்க்கட்சி. ஸ்பிரிங்கை அமுக்கணும், அமுக்கின கையை எடுக்காம ஓட்டையைத் தேடணும், ஓட்டை மரத்துக்குள்ளே இருட்டுல இருக்கும். ஒரு நிலையிலிருந்து பல நிலைக்குப் போறது சுலபம். பல நிலையிலிருந்து அந்த ஒரே ஒரு சரியான நிலைக்குத் திரும்புறது வேற வேலை. வரிசை ஒண்ணா இருக்கலாம், வேலை ஒண்ணு இல்லை.

இந்த ரைஃபிள்லயே உதாரணம் இருக்கு.

உதாரணம் ஒண்ணு. குழலோட நடுவில் ஒரு வளையம் இருக்கு. முன்கட்டைக்குக் கீழேயிருந்து ஒரு ஸ்க்ரூ போய் அந்த வளையத்தைப் பிடிக்கும். ஸ்க்ரூ தலைக்குக் கீழே ஒரு குட்டி ஸ்பிரிங். கழட்டுறப்ப ஸ்பிரிங் நமக்கு உதவி பண்ணி ஸ்க்ரூவை வெளியே தள்ளுது. மாட்டுறப்ப? ஒரு கையால முன்கட்டையைப் பிடிக்கணும், இன்னொரு கையால வளையம் சுத்தாம பார்த்துக்கணும், மூணாவது கையால ஸ்பிரிங்கை அமுக்கிக்கிட்டே ஸ்க்ரூவோட மரை கவ்வுதான்னு பார்க்கணும். மூணாவது கை யார்கிட்ட இருக்கு? நாங்க ரெண்டு பேரு நாலு கையோட உட்கார்ந்தே நாற்பது நிமிஷம்.

உதாரணம் ரெண்டு. பின்கட்டை. அதை உடம்போட இறுக்குறது கட்டைக்குள்ளே நீளமா ஓடுற ஒரு போல்ட். அதோட முனை சதுரம். அந்தச் சதுரம் முன்கட்டையோட பின்பக்கம் இருக்கிற ஒரு தகட்டுல போய் உட்காரணும், போல்ட் தானா தளராம இருக்க. அதனால முன்கட்டையைக் கழட்டாம பின்கட்டை போல்ட்டைத் திருப்பினா, அந்தச் சதுரம் திரும்பி முன்கட்டையைப் பிளந்துடும். நாங்க தற்செயலா சரியான வரிசையில் கழட்டினோம், தப்பிச்சோம். ஆனா மாட்டுறப்ப? போல்ட்டை இறுக்கினா மட்டும் போதாது. இறுகி நிக்கிறப்ப சதுரம் நேரா இருக்கணும். கோணலா நின்னா முன்கட்டை உட்காராது. உட்காரலையேன்னு தட்டினீங்கன்னா அம்பேல். 'எதிர் வரிசை'ங்கிற வரியில் இந்தச் 'சதுரம் நேரா நிக்கணும்'ங்கிறது எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. ஏன்னா கழட்டுறப்ப அப்படி ஒரு கவலையே கிடையாது.

உதாரணம் மூணு. இதுதான் கிளைமாக்ஸ்.

ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாம் முடிஞ்சது. போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடுது. டிரிக்கர் 'டக்'. பெரியவர் முகத்துல வெளிச்சம். நான் வீட்டுக்கு வந்து குளிச்சு, ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டு, தங்கமணிகிட்ட வீரப்பிரதாபம் எல்லாம் அளந்து முடிச்சுட்டுத் தூங்கினேன்.

காலையில் கதவைத் தட்டினார். உள்ளங்கையில ஒரு குட்டி ஸ்பிரிங், ஒரு குட்டி உலோக முளை. துடைச்ச துணியை உதறினப்ப விழுந்துச்சாம்.

அது என்னன்னு தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். முன்கட்டையோட முனைப் பக்கம், குழலுக்குக் கீழே ஒரு குழி. அதுக்குள்ளே ஸ்பிரிங், அதுக்கு மேலே முளை. குழலை லேசா மேலே தள்ளிக்கிட்டு இருக்கிறது இதோட வேலை, குறி பிசகாம இருக்க. முன்கட்டையைக் கழட்டுறப்ப ரைஃபிளைத் தலைகீழா வச்சிருந்தோமா.. குழி கீழ்ப்பக்கம் பார்த்துச்சு. ரெண்டும் சத்தமில்லாம துணியில விழுந்துடுச்சு.

இப்ப சொல்லுங்க ஐயா. கழட்டினதே தெரியாத பாகத்தை எந்த எதிர் வரிசையில் மாட்டுறது?

இதைவிட என்னைக் கலக்கினது இன்னொண்ணு. இந்த ரெண்டு பாகம் இல்லாமலே ரைஃபிள் முழுசா மாட்டிக்கிச்சு. ஒரு முனகல் இல்லை. கம்பைல் ஆச்சு, ரன் ஆச்சு, எரர் இல்லை. இது இல்லைன்னா குறிதான் தப்பும், ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனா இது இல்லாததையே அது சொல்லலைன்னா, மத்தது எல்லாம் சரியா இருக்குன்னு எதை வச்சு நம்புறது? போல்ட்டோட தலை தனிப்பாகம், மரை போட்டுத் திருகி மாட்டுறது. போல்ட்டும் அந்தந்த ரைஃபிளுக்குப் பொருத்திச் செஞ்சது, அதனாலதான் ரெண்டிலயும் ஒரே நம்பர் அடிச்சிருப்பாங்க. தோட்டா வெடிக்கிறப்ப முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல அதைத் தாங்கிக்கிட்டு நிக்கிறது அந்தப் போல்ட்தான். அந்தப் பக்கம் நிக்கப் போறது பதினஞ்சு வயசுப் பேரன்.

இதை நான் சொன்னதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "தப்பு என்னோடதுதான் தம்பி. முன்னாடியெல்லாம் ஒரு எஞ்சினையே பிரிச்சுப் போட்டு ராத்திரிக்குள்ளே மாட்டிடுவேன். இப்ப புத்தி மழுங்கிடுச்சு. இதை வித்துடலாம்னு இருக்கேன்."

எனக்கு அங்கதான் கோபம் வந்துச்சு. அந்தக் கோபம்தான் இந்தப் பதிவு.

வாழ்க்கை முழுக்க திருப்புளி பிடிச்ச ஒரு மனுஷன், ஒரு வரி எழுதச் சோம்பல்பட்ட எவனோ ஒருத்தனால, தனக்கு அறிவு போச்சுன்னு முடிவு பண்றார். கையேட்டைச் சந்தேகப்படலை. வடிவமைப்பைச் சந்தேகப்படலை. தன்னைச் சந்தேகப்படுறார்.

இது அவர் ஒருத்தர் கதை இல்லை. துப்பாக்கி உலகத்துல இதுக்கு ஒரு பேரே இருக்கு. கோல்ட் 1911ன்னு ஒரு பிஸ்டல், ஜான் பிரௌனிங் வடிவமைச்சது, 1911ல் அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்டது. அதை மாட்டுறப்ப ஒரு சின்ன ஊசி மாதிரி தண்டைப் பக்கவாட்டுல செருகணும். அது உள்ளே ஆடிக்கிட்டு இருக்கிற ஒரு இணைப்புக் கண்ணியோட ஓட்டை வழியாவும் போகணும், அதே நேரம் ஸ்பிரிங் தள்ளுற ஒரு முளையையும் தாண்டி ஏறணும். கை கொஞ்சம் வழுக்கினா, அந்தத் தண்டோட கை பிஸ்டல் உடம்புல பிறை வடிவத்துல ஒரு கோடு கிழிச்சுடும். லட்சக்கணக்கான பிஸ்டல்ல இதே இடத்துல இதே கோடு. அதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு 'முட்டாள் கீறல்'.

யோசிச்சுப் பாருங்க. ஒரே இடத்துல ஒருத்தர் வழுக்கி விழுந்தா அவர் கவனிக்கலைன்னு சொல்லலாம். நூறு வருஷமா ஊர் முழுக்க அதே இடத்துல வழுக்கி விழுந்தா? நம்ம ஊர்ல கூட அந்த இடத்துல ஒரு கல்லைக் கொத்திவிடுவாங்க. இவங்க என்னடான்னா விழுந்தவனுக்குப் பேர் வச்சுக்கிட்டு இருக்காங்க.

இதுக்கு வழக்கமா மூணு பதில் வரும். மூணையும் பார்த்துடுவோம்.

முதல் பதில்: "அந்தக் காலத்துச் சிப்பாய் எல்லாம் கண்ணைக் கட்டிக்கிட்டு மாட்டுவான். உனக்குத் துப்பில்லை."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா .303 விஷயத்துல சிப்பாய் கழட்டினது என்ன? போல்ட், மேகஸின். அவ்வளவுதான். ரெண்டுமே திருப்புளி இல்லாம கையாலயே வரும், கையாலயே மாட்டும். மத்தபடி, பின்கட்டையில இருக்கிற சின்னப் பொந்துல ஒரு எண்ணெய்க் குப்பி, ஒரு இழுகயிறு. கயிற்று நுனியில நாலு அங்குலத்துக்கு ரெண்டு அங்குலம் ஃபிளானல் துணித்துண்டைக் கோத்து குழல் வழியா இழுப்பான். தோட்டா வெடிச்சதும் குழல்ல உப்பு படியும், துருப்பிடிக்கும், அதுக்குக் கொதிக்கிற தண்ணியை ஊத்துவான். முன்கட்டையைக் கழட்டுற வேலை சிப்பாயோடது இல்லவே இல்லை, அதுக்கு ஆர்மரர்னு தனியா பயிற்சி எடுத்த ஆள்.

அப்ப அந்த ரைஃபிளை வடிவமைச்சவங்க முட்டாள் இல்லை. ரொம்பத் தெளிவா ரெண்டா பிரிச்சிருக்காங்க. எங்க பாஷையில சொன்னா, போல்ட்டும் மேகஸினும் பப்ளிக், மிச்சமெல்லாம் பிரைவேட். குத்தம் பின்னாடி வந்தவங்களோடது. ஆர்மரருக்கு எழுதின சுருக்கக் குறிப்பை அப்படியே எடுத்து, கராஜ்ல தனியா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் கையில கொடுத்துட்டு, 'இதான் கையேடு'ன்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் அயோக்கியத்தனம். பயிற்சி எடுத்தவனுக்கு 'எதிர் வரிசை'ங்கிறது ஞாபகக் குறிப்பு. மத்தவங்களுக்கு அது வெறும் குழி.

ரெண்டாவது பதில்: "பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்துல இவ்வளவுதான் தெரியும்."

இதுவும் கதை. மவுசர் சி96னு ஒரு ஜெர்மன் பிஸ்டல், 1896ல் வந்தது. அதுல கைப்பிடி மரத்தைப் பிடிக்கிற ஒரே ஒரு ஸ்க்ரூ தவிர வேற ஸ்க்ரூவே கிடையாது. மத்த பாகமெல்லாம் ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கிட்டு நிக்கும். அதை மாட்டுறது சுலபம்னு நான் சொல்ல வரலை. ஆனா மாட்டுறவனை மனசுல வச்சு யோசிக்கிற ஆட்கள் அப்பவே இருந்தாங்க.

மூணாவது பதில்தான் ஆகச் சிறந்தது: "ஒரு டிரிக் இருக்கு. அது தெரிஞ்சா சுலபம்."

இதுக்கு வரலாற்றுலயே ஒரு பதில் இருக்கு. 1949ல் அமெரிக்காவில் பில் ரூகர் ஒரு .22 பிஸ்டல் கொண்டு வந்தார். விலை மலிவு, அருமையா சுடும். அதுல ஆரம்பிச்சதுதான் அவர் கம்பெனியே. ஆனா கழட்டி மாட்டுறதுக்குப் பேர் போன பிஸ்டல் அது. பிஸ்டலை ஒரு கோணத்துல சாய்ச்சு, உள்ளே தொங்குற ஒரு குட்டித் தண்டு சரியான இடத்துல விழுற மாதிரி பார்த்து, அப்புறம் மூடணும். விழலைன்னா மறுபடி முதல்லேர்ந்து. மார்க் 1, 1982ல் மார்க் 2, அப்புறம் மார்க் 3.. தலைமுறை தலைமுறையா இதே கதை. கேட்டா 'டிரிக் தெரியணும்', 'பழகிடும்', 'அதுதான் அதோட அழகு'. 2016ல் மார்க் 4 வந்தது. பின்னாடி ஒரு பட்டன். அமுக்கினா மேல்பாகம் அப்படியே சாய்ஞ்சு கையில வரும். முடிஞ்சது. (அந்த மாடலையும் 2017ல் சேஃப்டி கோளாறுன்னு திரும்ப வாங்கிச் சரி பண்ணிக் கொடுத்தாங்க. அது பட்டன் பிரச்சினை இல்லை, வேற கதை. மறைச்சேன்னு சொல்லக் கூடாது பாருங்க.)

அறுபத்தேழு வருஷம் 'டிரிக்'குனு பேசிக்கிட்டு இருந்தது, ஒரு பட்டனுக்கு முன்னாடி ஒரே நாள்ல காணாமப் போச்சு. டிரிக் தெரிஞ்சவங்களுக்கு அதுல ஒரு பெருமை இருக்கு, எனக்கும் புரியுது. அந்தப் பெருமைக்காக மத்தவன் தன்னை முட்டாள்னு நினைச்சுக்கணுமாங்கிறதுதான் கேள்வி.

நிற்க. ஜப்பானுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்.

ஷிகேயோ ஷிங்கோன்னு ஒரு எஞ்சினியர். 1961ல் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போறார். அங்க ஒரு சின்ன சுவிட்ச் செய்யுறாங்க, உள்ளே ரெண்டு ஸ்பிரிங் வைக்கணும். அடிக்கடி ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்து மூடிடுறாங்க. (எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) மேனேஜ்மென்ட் என்ன பண்ணும், 'கவனமா இரு, கவனமா இரு'ன்னு திட்டிக்கிட்டே இருக்கும். ஷிங்கோ செஞ்சது இவ்வளவுதான். வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தட்டுல எடுத்து வை. அப்புறம் மாட்டு. மாட்டி முடிச்சப்புறம் தட்டுல ஸ்பிரிங் மிச்சம் இருந்தா, மறந்துட்டேன்னு அர்த்தம். ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு முதல்ல அவங்க வச்ச பேரு 'பகா-யொகே'. முட்டாள் தடுப்புன்னு அர்த்தம். 1963ல் இன்னொரு தொழிற்சாலையில இதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, 'நான் என்ன அவ்வளவு முட்டாளா'ன்னு அழுதுட்டாங்க. ஷிங்கோ அதோட பேரை மாத்திட்டார். 'பொகா-யொகே'. தவறு தடுப்பு. முட்டாளைத் தடுக்கலை, தவறைத் தடுக்குறோம். தவறு யாருக்கும் வரும்.

ஒரு பக்கம் இந்த ஆள். இன்னொரு பக்கம் 'முட்டாள் கீறல்'. எந்தப் பக்கம் நிக்கிறோம்கிறது நம்ம இஷ்டம்.

ரொம்ப நல்லவன் மாதிரி பேசிட்டு இருக்கேன் இல்லை? உண்மையைச் சொல்லிடுறேன். இதே வரியை நானும் எழுதியிருக்கேன். ஆபீஸ்ல ஆணி புடுங்குறப்ப, ஒரு சர்வர் மாற்றத்துக்கு பதினாலு படி எழுதிட்டு, கடைசியில 'ரோல்பேக்: மேற்கண்டதை எதிர் வரிசையில் செய்யவும்'னு போட்டுட்டு டீ குடிக்கப் போனவன் நான். அதை ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து மூணு மாசமே ஆன ஒரு தம்பி செய்ய வேண்டி வந்துச்சு. ஏழாவது படி ஒரு டேபிளை அழிக்கிற படி. அழிச்சதை எதிர் வரிசையில் எப்படி அழிக்காம இருக்கிறது? பையன் விடியக்காலை வரைக்கும் போராடிட்டு, மறுநாள் மீட்டிங்ல, "சாரி, எனக்குத்தான் சரியாப் புரியலை"ன்னான். நான் வாயைத் திறக்கலை. டமேஜர் அவனைப் பார்த்து 'கவனமா இருக்கணும்'னார்.

பெரியவர் 'தப்பு என்னோடதுதான்'னு சொன்னப்ப எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. அதான் இவ்வளவு காரம்.

அதனால, துப்பாக்கியோ, தையல் மெஷினோ, மிக்ஸியோ, சாஃப்ட்வேரோ, எதுக்குக் கையேடு எழுதினாலும் மூணே மூணு செய்யுங்க சாமி.

ஒண்ணு, மாட்டுறதுக்குத் தனி அத்தியாயம் எழுதுங்க. நீங்களே ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டு எழுதுங்க. எழுதச் சோம்பலா இருந்தா, 'இதைக் கழட்டாதீர்கள்'னு நேர்மையா எழுதுங்க. அதுலயும் தப்பில்லை.

ரெண்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை பாகம் கையில இருக்கணும்னு எண்ணிக்கை கொடுங்க. 'முன்கட்டையை எடுத்ததும் இந்த ஸ்பிரிங்கும் முளையும் விழும், பிடிச்சுக்கோ'. இந்த ஒரு வரி போதும், எங்க ஞாயித்துக்கிழமை பிழைச்சிருக்கும்.

மூணு, தப்பா மாட்டினா என்ன ஆகும்னு சொல்லுங்க. எது குறி பிசகுற தப்பு, எது உயிர் போற தப்புன்னு பிரிச்சுச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் 'எச்சரிக்கை'ன்னு சிவப்புல போட்டா எதையும் எவனும் படிக்க மாட்டான்.

கதையை முடிக்கணும் இல்லையா. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் மறுபடியும் பிரிச்சோம். இந்தத் தடவை எங்க வீட்டிலேர்ந்து ஒரு பொருள் எடுத்துட்டுப் போனேன். இட்லித் தட்டு. நாலு தட்டு, தட்டுக்கு நாலு குழி. மேல் தட்டுலேர்ந்து ஆரம்பிச்சு கடிகாரச் சுத்துல, கழட்டின ஒவ்வொண்ணும் ஒரு குழியில. ஸ்பிரிங்குக்கும் முளைக்கும் தனிக் குழி, முன்கூட்டியே ஒதுக்கியாச்சு. மாட்டுறப்ப முளை விழாம இருக்க ஒரு பொட்டு கிரீஸ் தடவி ஒட்ட வச்சோம். திருப்புளியை இந்தத் தடவை நான் தொடவே இல்லை. பெரியவர் கைதான், நடுக்கத்தோடயே. நான் வளையத்தைப் பிடிச்சுக்கிட்டேன், அதாவது அந்த மூணாவது கை.

ஒண்ணே கால் மணி நேரம். கடைசியில நாலு தட்டையும் தூக்கிக் காட்டினார். எல்லாக் குழியும் காலி.

அதுக்கப்புறமும் நேரா ரேஞ்சுக்குப் போகலை. துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட எடுத்துட்டுப் போய், அளவுகோல் போட்டு போல்ட் சரியா அடைக்குதான்னு பார்த்துட்டுத்தான் பேரன் கையில கொடுத்தார். 'வித்துடலாம்'கிற பேச்சு அதுக்கப்புறம் வரலை. நானும் கேட்கலை.

அந்தப் பையனுக்கும் ஒரு மெயில் போட்டேன். ரோல்பேக்குக்குத் தனியா பதினோரு படி எழுதி, டெஸ்ட் சர்வர்ல ஓட்டிப் பார்த்து, 'அன்னைக்குத் தப்பு என்னோடது'ன்னு ஒரு வரியும் சேர்த்து, டமேஜருக்கும் காப்பி வச்சு. ரெண்டு வருஷம் லேட்டுதான்.

தங்கமணிதான் இன்னும் சமாதானமாகலை. துப்பாக்கி எண்ணெய் பட்ட தட்டுல இனிமே இட்லி வேகாதாம். புதுத் தட்டு வாங்கணும்னு சொல்லியாச்சு. பழசு இப்ப பெரியவர் கராஜ்ல ஆணியில தொங்குது. :-)